வெண்டலுக்கு இறங்காத ஜவ்வரிசி

சிக்ரிட்: ஏமாத்துறீங்க, வெண்டல். கரண்டியை வாய்கிட்ட கொண்டுபோயிட்டு திருப்பி வெச்சிட்டீங்க.

வெண்டல்: எங்க வெச்சேன்? மூச்சு வாங்கிக்கிட்டேன்.

சிக்ரிட்: சாப்பிடப் பயப்படுறவங்க வார்டுல வேலைக்கு வந்துட்டு இப்படிப் பண்ணா எப்படி? பக்கத்துல உக்காந்து, எனக்கு வெச்சதையே சாப்பிட்டுக் காட்டுறதுக்குத்தான உங்களுக்குச் சம்பளம்?

வெண்டல்: சூப்பு குடிச்சேன். ரொட்டி தின்னேன். இந்த ஜவ்வரிசி மட்டும்...

சிக்ரிட்: மேஜையில சாப்பாட்டைப் பத்திப் பேசக் கூடாது. உங்க விதிதான்.

வெண்டல்: சரி... இந்தக் கிண்ணத்துல, நம்மளையே முழிச்சு முழிச்சுப் பாக்குற விஷயம்.

சிக்ரிட்: தவளை முட்டை.

வெண்டல்: அதை நீ சொல்லாம இருந்திருக்கலாம்.

சிக்ரிட்: எனக்கும் இறங்கல. ரெண்டு பேரும் விட்டுடலாமே. யாருக்குத் தெரியப் போகுது?

வெண்டல்: லொரெயினுக்கு. அந்தம்மா சும்மாவா தலைமை நர்ஸ் ஆனாங்க? முதுகுலயும் கண்ணு. அதை விடு, உங்கப்பா போன் பண்ணாரு. ஏரி நல்லா உறைஞ்சிருச்சாம். பனி மேல மீன்பிடிக் குடிசை போட்டாச்சாம். உள்ள உனக்கு ஒரு நாற்காலி கூட...

சிக்ரிட்: தெரியும். இந்தக் கிண்ணம் காலியானாதான் சனிக்கிழமை வெளிய விடுவாங்க. அதைச் சொல்லச் சொல்ல இன்னும் இறங்க மாட்டேங்குது.

வெண்டல்: சரி. சொல்லல. இப்படி வெச்சுக்கலாமா? நீ ஒரு வாய் எடுத்தா நான் ஒரு வாய்.

சிக்ரிட்: நான் எடுத்தா நீங்க கட்டாயம் எடுத்தாகணுமா?

வெண்டல்: கட்டாயம். அதை நெனச்சாதான் பயமா இருக்கு.

சிக்ரிட்: ...எடுத்தாச்சு. உங்க முறை.

வெண்டல்: அடிப்பாவி... ம்ம்ஹ்... போயிடுச்சு. எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிடு, கடைசி வரைக்கும் போராடுனேன்னு.

சிக்ரிட்: அடுத்தது.

வெண்டல்: அதுக்குள்ளயா?

சிக்ரிட்: நான் முழுங்கிட்டேன். கரண்டி நெறைய எடுங்க. நுனியில தொட்டா செல்லாது.

வெண்டல்: அது நான் உங்கிட்ட சொல்ற வசனம்.

சிக்ரிட்: தினம் கேட்டா மனப்பாடம் ஆகாதா? ம்... எடுங்க.

வெண்டல்: கருணையே இல்லாத பொண்ணு.

சிக்ரிட்: ...இதுக்கு மேல முடியல, வெண்டல்.

வெண்டல்: சரி. கரண்டியைக் கீழ வை. நான் எங்கயும் போகல. மெதுவா...

சிக்ரிட்: ...உங்க மூஞ்சியைப் பாருங்க. தண்ணியில நனைஞ்ச நாய் மாதிரி இருக்கீங்க.

வெண்டல்: ரொம்ப நன்றிம்மா.

சிக்ரிட்: எடுக்குறேன். உங்களை மட்டும் சும்மா விடுறதா இல்ல.

வெண்டல்: ...ம்.

சிக்ரிட்: ...ம். அவ்ளோதான். காலி.

வெண்டல்: காலிதான்... லொரெயின், இங்க வந்து பாருங்க.

லொரெயின்: காட்டு. அட, வழிச்சு வெச்சிருக்கியே. டாக்டர்கிட்ட நான் சொல்லிடுறேன். சனிக்கிழமை கம்பளி ரெண்டா போட்டுக்கிட்டுக் கெளம்பு. வெண்டல், சமையக்கட்டுல ஜவ்வரிசி மிச்சமாம். எப்பவும் போல உனக்கு டப்பாவுல போட்டு வெக்கட்டுமான்னு கேக்குறாங்க.

வெண்டல்: ...லொரெயின்.

லொரெயின்: என்ன? வேண்டாமா? நேத்து ரெண்டு டப்பா தூக்கிட்டுப் போனியே?

வெண்டல்: அப்புறம் பேசலாமே...

சிக்ரிட்: போட்டு வெக்கச் சொல்லுங்க, லொரெயின். பாவம், மனுஷன் உசிரை விட்டுட்டாரு.

லொரெயின்: ரெண்டு பேருக்கும் என்னவோ ஆயிடுச்சு. நான் போறேன்.

வெண்டல்: சிக்ரிட்... கோவமா?

சிக்ரிட்: எதுக்கு? நான் இங்க வந்த அன்னைக்கே பாத்துட்டேன். நர்ஸுங்க அறையில நின்னுக்கிட்டு ஜவ்வரிசிக் கிண்ணத்தை விரலால வழிச்சிக்கிட்டு இருந்தீங்க.

வெண்டல்: தெரிஞ்சேவா? அப்புறம் எப்படிம்மா சாப்பிட்ட?

சிக்ரிட்: என் தலைக்குள்ள ஒருத்தி உக்காந்து, சாப்பிட வாய் தொறந்தாலே திட்டுவா. 'நான் எனக்காகவா சாப்பிடுறேன், இந்த ஆளைப் படுத்தத்தான்'னு அவகிட்ட சொன்னேன்... உங்க நடிப்பை அவ நம்பிட்டா, வெண்டல்.