ட்ரிகரை இளக்கிய இரண்டு சுற்று

என் பெயரை மேலே எழுதிக்கொண்டீர்கள். ஆனால் வில் பயிற்சிக் கூடத்தில் 'திருகாணி' என்று கேட்டால்தான் என்னைக் காட்டுவார்கள். வயது நாற்பத்தாறு. கூடத்துக்குப் பின்சந்தில், மருந்துக்கடை மாடியில் குடியிருக்கிறேன். பத்தொன்பது வருடமாக அங்கே பழுது பார்க்கும் வேலை. இறந்துபோனவள் என் கூடப்பிறந்த தங்கை. அந்தக் கூடத்திலேயே குறிப்பலகைகளுக்குப் பொறுப்பாக இருந்தாள். அவளைக் கொன்றதாகக் காவலில் இருப்பவர் அவள் கணவர். பதினோரு நாளைக்கு முன்பு இந்தக் காவல் நிலையத்தில் இதே மேசையில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் பொய் இல்லை. ஆனால் ஒன்றை விழுங்கிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இன்று யாரும் கூப்பிடாமல் வந்திருக்கிறேன்.

எங்கள் கூடத்தில் நாணை விரலால் இழுப்பதில்லை. மணிக்கட்டில் வாரால் கட்டிய ஒரு கொக்கியால் இழுப்பார்கள். அதிலுள்ள ட்ரிகரை அழுத்தினால் கொக்கி திறந்து அம்பு போகும். அதற்கு ரிலீஸ் என்று பெயர். எவ்வளவு அழுத்தினால் திறக்க வேண்டும் என்பது ஒரு குட்டி ஸ்க்ரூவின் கையில் இருக்கிறது. அந்த ஸ்க்ரூ என் கையில். தங்கை கணவரான மாப்பிள்ளைக்கு ஒரு வருடமாக ஒரு கோளாறு. குறி நடுவுக்கு வருவதற்குள் விரல் முந்திக்கொள்ளும். அதற்கு வைத்தியமாக நான் ட்ரிகரை நன்றாக இறுக்கிவைத்து, ஆரம்பத்திலிருந்தே விரலை அதன் மேல் போட்டுக்கொண்டு இழுக்கப் பழக்கினேன். மற்றவர்கள் நாண் முழுதாக வரும்வரை விரலை ட்ரிகருக்குப் பின்னால்தான் வைப்பார்கள். இறுக்கத்தை எப்போது மாற்றினாலும் அவரிடம் சொல்வதில்லை என்பதும் என் ஏற்பாடுதான், ஏனென்றால் தெரிந்தால் மனசு அதையே நினைத்துக்கொண்டு நிற்கும். "எனக்கே தெரியாம என் விரலுக்கு வைத்தியமா மச்சான்" என்று கேலி செய்தார். ஆனாலும் என்னை நம்பி விட்டுவிட்டார்.

சம்பவத்தன்று காலை பத்து மணி சுமாருக்குத் தங்கையும் அவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். வாசலில் இருந்தவர்கள் கேட்டதாகச் சொன்னது உண்மை. லீவு நாளெல்லாம் வில்லுக்கே போகிறது, அடுத்த வாரப் போட்டியோடு அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்றாள்; அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு அவர் ரிலீஸை என் மேசையில் வைத்துவிட்டு அம்புகளைத் துடைக்கப் போனார். ஒரு தடவை ஜெயித்துவிட்டால் மனசு நிறைந்து தானாக விட்டுவிடுவார், வீட்டில் சண்டையும் ஓயும் என்று நினைத்து, இறுக்கத்தால் கடைசி அம்புகளில் அவர் விரல் நடுங்குவதையும் நான் பார்த்திருந்தபடியால், ஸ்க்ரூவை இரண்டு முழுச் சுற்று இளக்கினேன். அரைச் சுற்றே அதிகம். ஏன் இரண்டு என்றால், என் கை மேல் எனக்கு அவ்வளவு திமிர். வழக்கம்போல அவரிடம் சொல்லவில்லை.

அவர் ரிலீஸை எடுத்து மாட்டிக்கொண்டு போனதும், என் பட்டறை ஜன்னல் வழியாக அவரிடம், முழங்கை உயரம் பார்க்க வேண்டும், ஒரு தரம் இழுத்துக் காட்டுங்கள் என்றேன். அம்பில்லாமல் இழுத்து நாண் தப்பினால் வில்லே நொறுங்கிவிடும் என்பதால், சும்மா இழுத்துப் பார்ப்பதற்கும் அம்பு வைப்பது எங்கள் பழக்கம். முன்னால் ஆள் இருக்கும்போது யாரும் நாணைத் தொடக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவன் நான்தான். தங்கை வலதுபக்கம் நான்காவது பலகையில் குறிவட்டத் தாளை மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் முதல் பலகைக்கு நேராக நின்றார். அவ்வளவு தள்ளித்தானே இருக்கிறாள் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வில்லைத் தூக்கி இழுக்கத் தொடங்கினார். நாண் பாதி வரும் முன்பே, வில் நேராக வராமல் வலப்பக்கம் பார்த்திருந்தபோதே கொக்கி திறந்து அம்பு போன சத்தம் கேட்டது. அம்பு அவளைத் தைத்தது. தாளைக் குத்த வைத்திருந்த ஊசிகள் தரையில் சிதறும் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாள்.

அதன் பிறகு நீங்கள் ரிலீஸைச் சோதித்து, தொட்டாலே திறக்கிறது என்றீர்கள். அவர் அது ரொம்ப இறுக்கம் என்று திரும்பத் திரும்பச் சொன்னதால் பொய் சொல்கிறார் என்று எழுதினீர்கள். நான் பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்கவில்லை. பயம், வேறொன்றும் இல்லை.

நேற்று மதியம் சிறையில் அவரைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப்பக்கம் தன் கையையே பார்த்தபடி சொன்னார்: "அன்னிக்கு அவ மேல எனக்கு அவ்வளவு கோவம் மச்சான். அந்த ட்ரிகர் லேசுல போகாது, இளக்கியிருந்தா நீங்க இந்நேரம் சொல்லியிருப்பீங்க. அப்போ நான் வேணும்னேதான் அமுக்கியிருக்கேன். ஒத்துக்கிறேன்னு வக்கீல்கிட்ட சொல்லிட்டேன்." பிறகு, "அம்பு விட்டது நான்தான்னு தெரிஞ்சுதான் அவ போனாளா?" என்று கேட்டார். அவள் பலகையைப் பார்த்து நின்றாள், யாரையும் பார்க்கவில்லை என்பதைக்கூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அவர் விரல் நான் பழக்கிய இடத்தில்தான் இருந்தது. இளக்கியது நான். இழுக்கச் சொன்னதும் நான்.

மேலே உள்ளவை எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்னவை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளன. கையெழுத்துப் போடுகிறேன். நீதிமன்றத்துக்கு அனுப்பும் முன்பு இதை அவருக்கு ஒரு தரம் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்னமும் அவர் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

(ஒப்பம்)