பாஸ்டரம்மா வீட்டைக் காலி செய்கிறார்

— அந்தத் திரைய அவுக்காதீங்கக்கா, இருக்கட்டும். முதல்ல ஸ்டூல விட்டு இறங்குங்க.

— இருக்கட்டும்னா எப்படிம்மா? நாளைக்கு நீயும் உன் வீட்டுக்காரரும் குடி வர்ற வீடு. புது பாஸ்டர் வீட்டுல பழைய பாஸ்டரம்மா தொங்கவிட்ட திரை எதுக்கு? உனக்குப் பிடிச்ச கலர்ல வாங்கி மாட்டிக்க.

— ஞாயித்துக்கிழமை நடந்ததுக்குக் கோவமா அக்கா?

— கோவமா? வெக்கம்மா, வெக்கம்! எங்க வீட்டுக்காரரு போய்ச் சேந்து மூணு மாசம் ஆச்சு. ஆனா இந்தக் காலுக்கு அது தெரியல பாரு. அது பாட்டுக்கு நேரா போயி, பாஸ்டர் மனைவி உக்கார்ற முன் பெஞ்சுல உக்காந்துருச்சு. திரும்பிப் பாத்தா நீ பைபிளும் கையுமா நிக்கிற. சபையே வேடிக்க பாக்குது. பூமி பொளந்து என்ன உள்ள இழுத்துக்காதான்னு இருந்துச்சு.

— நான்தான் ஓடிப்போய் கடைசி பெஞ்சுல உக்காந்துட்டேனே. நிஜமாவே நிம்மதியா இருந்துச்சுக்கா.

— உனக்கு நிம்மதி. எனக்கு இனிமே அங்க எங்க உக்கார்றதுன்னே தெரியல. அதான், தம்பி வீட்டோட போயிடுறேன். ஞாயித்துக்கிழமை வீட்டுலயே இருந்துக்குவேன்.

— சர்ச்சுக்கே வரமாட்டீங்களா?

— வந்து என்னத்த பண்ண? கேளேன், இந்தக் கதவத் தட்டுனவங்க அத்தன பேருக்கும் ஜெபம் பண்ணிருக்கேன். காய்ச்சலுக்கு, கல்யாணத்துக்கு, காணாமப் போன நாய்க்குட்டிக்குக்கூட! இப்ப எனக்குன்னு முட்டி போட்டா ஒரு வார்த்த வரமாட்டேங்குது. ‘ஆண்டவரே, நான்...’னு ஆரம்பிக்கிறேன். அதோட நின்னு போயிடுது. நான் யாரு? பாஸ்டரோட பொண்டாட்டி. பாஸ்டரே இல்லாதப்ப, ஆண்டவரு முன்னாடி என்னன்னு சொல்லிக்கிட்டு போய் நிப்பேன்?

— அக்கா, நீங்க தண்ணியில முங்கி ஞானஸ்நானம் எடுத்தது கல்யாணத்துக்கு அப்புறமா?

— ஐய, அதுக்கு ரொம்ப முன்னாடி! அப்ப நான் தையல் கடையில பட்டன் தைக்கிற பொண்ணு. எங்க வீட்டுக்காரரு எந்தத் திசையில இருந்தாரோ, யாரு கண்டா?

— அப்ப அன்னைக்குத் தண்ணிக்குள்ள இறங்குனது யாரு பொண்டாட்டி?

— யாரு பொண்டாட்டியும் இல்ல. வெரலெல்லாம் ஊசி குத்துன தழும்போட ஒரு நோஞ்சான்.

— அந்த நோஞ்சானத்தானேக்கா ஆண்டவரு ‘நீ என் மக’ன்னு சேத்துக்கிட்டாரு? பாஸ்டர் ஐயா அதுக்கப்புறம் வந்தவரு. ஐயா போயிட்டாருங்கறதுக்காக ஆண்டவரு தன் மகள மறந்துடுவாரா?

— அந்த ஸ்டூல இப்படித் தள்ளும்மா, உக்காந்துக்கறேன்.

— அக்கா? தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?

— இல்லம்மா. ஊருக்கெல்லாம் நான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச பேச்சு இது. எனக்கு ஒருத்தரும் திருப்பிச் சொல்லல, அவ்வளவுதான். இரு, மூக்கத் தொடச்சுக்கறேன். பரவால்லயே, நல்லாப் பேசுறியே!

— பேச்செல்லாம் வரும்க்கா. ஜெபம்தான் வராது. லேப்ல ரத்தம் எடுத்துக்கிட்டிருந்தவ நான். பச்சப் புள்ளைக்குக்கூட நரம்பு தேடி ஊசி குத்திருவேன், கை ஆடாது. நாலு பேரு முன்னாடி ஜெபம் பண்ணுன்னா ஆரம்பிச்ச வரியே மறந்துடுது. நான் இதுக்கு லாயக்கே இல்ல. நீங்களும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?

— லாயக்கு பாத்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் ஆண்டவரு வாசல்லயே நிறுத்திருப்பாரு. யாரோ கதவத் தட்டுறாங்க பாரு. போய்த் தொற.

— நானா?

— உன் வீடுதானே? தொறம்மா.

— வணக்கம்ங்க. இந்தத் தெருவுக்கு நாங்க புதுசு. எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கு இதயத்துல ஆபரேஷன். பயமா இருக்கு. பாஸ்டரம்மாவப் போய்ப் பாரு, ஜெபம் பண்ணுவாங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. பெரியம்மா, நீங்கதானே?

— நான் இல்லம்மா. கதவத் தொறந்தாளே, இவதான் பாஸ்டரம்மா.

— அக்கா! ஐயோ, நான் எப்படி...

— அப்ப நீங்க யாருங்க?

— நானா? நானும் உன்ன மாதிரிதான், எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கேட்டு வந்தவ. வா, எம் பக்கத்துல முட்டி போடு.