விட்டுப்போன சங்கிலிக்கொம்பு

டெய்லர்: கோர்ட்டே சிரிச்சிடுச்சே ரைட்டர் சார்... ஜட்ஜ்கூட...

ரைட்டர்: அவர் இருமினார்யா. ஜட்ஜுக்குச் சிரிப்பு வந்தா அதுக்குப் பேரு இருமல்.

டெய்லர்: என் வக்கீல் உங்களைக் கூண்டுல நிக்கவெச்சு டிக்டேஷன் போடுவார்னு நான் நினைக்கவே இல்ல.

ரைட்டர்: பல்லி, பள்ளி, வெல்லம், வெள்ளம். நாலும் தப்பு. அதுக்கும் ஒரு திறமை வேணும்ல?

டெய்லர்: இருபத்திரண்டு வருஷமா போலீஸ் ஸ்டேஷன்ல எழுதறீங்க. உங்க பொண்ணு வேற தமிழ் டீச்சர்... கேள்விப்பட்டா?

ரைட்டர்: இம்போசிஷன் எழுதவெப்பா. 'கொல்லைக்குப் போனேன்'னு நூறு தடவை.

டெய்லர்: விளையாடாதீங்க சார். ஜட்ஜ் சாப்பிட்டு வந்ததும் நான் உண்மையைச் சொல்லிடப் போறேன்.

ரைட்டர்: என்ன உண்மை?

டெய்லர்: நான் 'கொல்லைக்குப் போனேன்'னு சொல்லல. 'கொல்லப் போனேன்'னுதான் சொன்னேன். நீங்க எழுதினது சரி. எனக்காக நீங்க ஏன் அவசரத்துல 'லை'க்குப் போடற சங்கிலிக்கொம்பு விட்டுப்போச்சு, 'க்கு' விட்டுப்போச்சுன்னு கூண்டுல...

ரைட்டர்: மெதுவா பேசு. இங்க பெஞ்சுக்கும் காது உண்டு.

டெய்லர்: நான் போனது கொல்லத்தானே சார்? தங்கச்சி கன்னம் வீங்கி வந்து நின்னா. அவ புருஷன் அடிச்சது. கத்தரிக்கோலைத் தூக்கிட்டு நேரா அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான்...

ரைட்டர்: திறந்தான். சட்டையில ஒரு பட்டன் நூல்ல தொங்கிட்டிருந்துது.

டெய்லர்: நான் தெச்ச சட்டை சார்.

ரைட்டர்: நூலை வெட்டி, பட்டனை வாங்கிக்கிட்டு, நாளைக்குத் தெச்சுத் தரேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டே. என் சர்வீஸ்ல இப்படி ஒரு கொலைகாரனை நான் பார்த்ததில்ல.

டெய்லர்: கையில ஆயுதம் இருந்தா வீரம் வரும்பாங்க... எனக்குத் தொழில் வந்துடுச்சு.

ரைட்டர்: அப்புறம் அவனே குடிச்சிட்டுப் படியில உருண்டு செத்தான்.

டெய்லர்: இதெல்லாம் அன்னிக்கே சொன்னேனே.

ரைட்டர்: சொன்னே. நானும் எழுதத்தான் ஆரம்பிச்சேன். 'கொல்லப் போனேன்னு அவன் வாயாலயே சொல்லிட்டான்ல, பட்டன் கதையெல்லாம் எதுக்கு, முற்றுப்புள்ளி வை'ன்னார் இன்ஸ்பெக்டர். வெச்சேன்யா. நல்லா உருண்டையா வெச்சேன்.

டெய்லர்: பட்டன் வர்றதுக்கு முன்னாடியேவா சார்?

ரைட்டர்: ஒரு எழுத்துப்பிழை இல்லாம ஒரு பொய். அது உன்னை ஆயுசுக்கும் உள்ள வெச்சிருக்கும்.

டெய்லர்: அப்போ அதையே கூண்டுல சொல்லியிருக்கலாமே சார்.

ரைட்டர்: இன்ஸ்பெக்டர் முன்னால உக்கார்ந்திருக்கும்போதா? அதுக்குத் தைரியம் வேணும். என்கிட்ட இருந்தது மானம் மட்டும்தான். இருக்கறதைத்தானே குடுக்க முடியும்...

டெய்லர்: மனசு கேக்கல சார்.

ரைட்டர்: உன் மனசு கேக்கலைன்னா உன் தங்கச்சி யாரைக் கேப்பா? அதோ, தூண் பக்கத்துல நிக்கறா பாரு. உன் சட்டைக் காலரையே பார்த்துட்டு நிக்கறா.

டெய்லர்: அவசரத்துல கோணலா தெச்சுட்டேன் சார்.

ரைட்டர்: பார்த்தியா? தூக்குல போட்டாலும் கயித்துல தையல் சரியில்லைன்னுதான் சொல்லுவே. எழுந்திரு, கூப்பிடறாங்க. வாயை மட்டும் திறக்காதே.

டெய்லர்: சார்... ஒரு பயம். சொல்லவா?

ரைட்டர்: சீக்கிரம் சொல்லு.

டெய்லர்: அவன் வீடு மூணாவது மாடி. அங்க கொல்லையே கிடையாது. யாராவது போய்ப் பார்த்துட்டா?

ரைட்டர்: போகவே வேண்டாம். வீட்டு வரைபடம் கேஸ் கட்டுல ஏழாவது பக்கம். என் கையாலதான் வரைஞ்சேன்... அந்தப் பக்கத்தைப் புரட்டினப்போதான்யா ஜட்ஜ் இருமினார். என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். ஒண்ணும் கேக்கல, கட்டை மூடி நாடாவைக் கட்டிட்டார். போ.