மூணு மாசம்கூடத் தாங்காது

டீ வேண்டாம் ஐயா, காலையிலேயே இரண்டு முறை ஆகிவிட்டது. அந்த ஃபேனை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் முதலில் இருந்து சொன்னால்தான் கேட்க நன்றாக இருக்கும்.

என் பெயர் சௌந்திரம். மோகனூரில் ஆற்றுக்குப் போகிற தெருவில் நாலாவது வீடு. எங்கள் தெருவில் ஒரு சேதி நிஜமா என்று தெரிய வேண்டுமானால் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் நம்புவார்கள். எந்த வீட்டில் பாகப்பிரிவினை வரும், எந்த மருமகள் ஆடிக்குப் போனால் திரும்ப மாட்டாள், எல்லாம் நான் முன்னாலேயே சொல்லிவிடுவேன். முப்பது வருஷத்தில் ஒன்றுகூடத் தப்பியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, விசாரித்துக்கொள்ளலாம்.

அஞ்சாவது வீடு கண்ணுசாமி. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஃபிட்டராக இருந்து நின்றவர். ஊருக்கு வெளியே முக்கால் ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால். மூட்டு தேய்ந்து சைக்கிள் மிதிக்க முடியாமல் போனபோது, அதைக் குத்தகைக்கு விடப் போகிறார் என்று நான்தான் தெருவுக்குச் சொன்னேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? சித்திரை முதல் தேதி, பழைய சைக்கிளில் ஒரு டூ ஸ்ட்ரோக் இன்ஜினை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். தேங்காய் அளவுதான் இருக்கும். சத்தம் மட்டும் ரைஸ் மில் அளவு.

அன்றைக்கே மயில்சாமி டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்னேன், "இது மூணு மாசம்கூடத் தாங்காது."

தாங்கியது ஐயா. வைகாசி முடிந்தது, ஆனி பிறந்தது, தினமும் ஏழு மணிக்கு என் ஜன்னலைத் தாண்டி டர்ரென்று போனது. மயில்சாமிக்கு ஒரே குஷி. "ஏனுங்க்கா, உங்க மூணு மாசம் இந்த வருசத்துதுங்களா, அடுத்த வருசத்துதுங்களா?" என்பான். கடையே சிரிக்கும். அந்த வாரம் சரவணமுத்து வீட்டுச் சம்பந்தம் முறியும் என்று சொன்னேன். யாரும் காது கொடுக்கவில்லை. ஒரு மனுஷிக்கு வேறென்ன சொத்து இருக்கிறது, சொல்லுங்கள்.

அதனால் கண்ணுசாமியிடமே போய்க் கேட்டேன். நான் கேட்டால் யாரும் மறைக்க மாட்டார்கள்.

"எப்படி கண்ணு இது இத்தனை நாள் ஓடுது?"

"ரெண்டே விசயந்தானுங்க்கா. ஒண்ணு, ஆயில். இருபத்தஞ்சு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் கலந்தே ஊத்தோணும். அது கொறஞ்சா பிஸ்டன் காஞ்சு இறுகிக்கும். ரெண்டாவது, வேகம். முப்பதுக்கு மேல போனா இந்தக் குட்டி இன்ஜின் சுத்து தாங்காதுங்க." ஆக்சிலேட்டர் கைப்பிடியில் சிவப்பாக ஒரு கோடு காட்டினார். அவர் சம்சாரம் உஷாராணியின் நகப்பாலிஷ். "இந்தக் கோட்டத் தாண்டி முறுக்கவே மாட்டனுங்க. இது போச்சுன்னா கொடிக்காலும் போச்சுங்க்கா."

ஐம்பத்தெட்டு வயதில் உஷாராணிக்கு எதற்கு நகப்பாலிஷ் என்பது வேறு விஷயம், அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் கலந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாட்டிலில் வைப்பார். ஆயில் சேர்ந்தால் பெட்ரோல் லேசான பச்சையாக இருக்கும். மாற்றி வைத்தால் நிறம் காட்டிக்கொடுக்கக் கூடாதே என்று, வெறும் பெட்ரோலில் இனிப்புக்குப் போடும் பச்சைக் கலர்ப்பொடியைப் போட்டுப் பார்த்தேன். கரையவில்லை, அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நல்ல டம்ளர் ஒன்று வீணானதுதான் மிச்சம். பிறகு உஷாராணி ரேஷன் கடையில் வரிசையில் நின்ற நேரமாகப் பார்த்து, பாட்டிலில் பாதியைக் கொட்டிவிட்டு, எங்கள் வீட்டு வண்டியில் இருந்து எடுத்த வெறும் பெட்ரோலை ஊற்றி வைத்தேன். பாதிப் பச்சையை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

ஒரு வாரம் ஓடியது. அடுத்த வாரம் முக்கால்வாசியைக் கொட்டினேன். அப்போதும் ஓடியது. எல்லாம் அந்த நகப்பாலிஷ் கோடு செய்கிற வேலை. மனுஷன் அதைத் தாண்டினால்தானே.

ஆனி முப்பது வந்துவிட்டது. ஆடி பிறந்தால் என் கெடு முடிந்தது. மயில்சாமி கடையில் அன்றைக்கு எல்லோருக்கும் இலவச வடையாம், என் பேரில்.

மத்தியானம் கண்ணுசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்று சொன்னேன், "கண்ணு, உன் கொடிக்கால்ல ரெண்டு மாடு பூந்து, கொடி ஏத்தியிருக்கற அகத்திய மேயுதாமா. கொடியெல்லாம் சாஞ்சு கெடக்குதாம்."

"ஆருங்க்கா சொன்னாங்க?"

"நாலு பேரு சொல்றாங்க சாமி."

நான் சொன்னால் நம்புவார்கள் என்றேன் அல்லவா. பாவம், கைகூடக் கழுவவில்லை. அந்தக் கை கோட்டைத் தாண்டி முறுக்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். சத்தம் தெரு முனை திரும்பி, வாய்க்கால் ரோட்டுக்குப் போய், மெலிந்து மெலிந்து போனது. சட்டென்று நின்றது. பின் சக்கரம் அப்படியே இறுகிக்கொண்டதாம். சக்கரம் நின்றது, அவர் நிற்கவில்லை. மதகுச் சுவரில் மோதித் தொடை எலும்பு இரண்டு துண்டு.

மாடு பூந்ததாகச் சொன்னது பொய்தான். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பொய். அதுவும் நான் முன்னால் சொன்ன நிஜத்தைக் காப்பாற்றுவதற்காக.

யாரும் என்னைப் பிடித்துக் கொண்டு வரவில்லை ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர்கள் இன்ஜினைப் பிரித்துப் பார்த்து ஆயிலே இல்லை என்கிறார்களாம். உஷாராணி பாட்டிலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்றோ நாளையோ விஷயம் மயில்சாமிக்குப் போகும். என்னைப் பற்றிய சேதியை அவன் வாயால் தெரு கேட்பதா? அதனால்தான் முதல் பஸ்ஸுக்கே கிளம்பி நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் கிடையாது. நேற்றுகூட ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடியும் பன்னும் வாங்கிக்கொண்டு போனேன். "நல்லவேளைங்க்கா, நீங்க சொல்லாட்டி மாடு பூந்ததே தெரிஞ்சிருக்காது," என்று கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது எனக்கு. தீபாவளிக்கு நடந்தே போய் ஜவுளி எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

அதுதான் ஐயா, கொஞ்சம் சீக்கிரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால் தேவலை. அந்தக் கால் இனிமேல் நடக்காது என்று நேற்றே தெருவில் சொல்லிவிட்டேன்.