வாசலில வைச்சுச் சொல்லுறது

இல்லைத் தம்பி, வேலை விஷயமா வரேல்ல. கோயில் ரிக்கெட் விக்கவும் வரேல்ல, பயப்பிடாதேங்கோ. சிவதர்ஷன் எண்டது நீங்கள்தானே? பளைச் சிவதர்ஷன்? ஓம், அப்ப சரி. நான் கனகாம்பிகை. ரெய்னர்ஸ் லேனில இருந்து வாறன். உங்களுக்கு என்னைத் தெரிய நியாயமில்லை. இருக்கிறன், இருக்கிறன். நீங்களும் இருங்கோவன். தேத்தண்ணி என்னத்துக்கு. சரி, ஊத்திட்டியள் எண்டால் தாங்கோ. சீனி வேணாம்.

வீட்டில வேற ஆரும் இருக்கினமோ? ஒருத்தர் மேல நித்திரையோ. அது நல்லது. இண்டைக்கு உங்களுக்கு ஷிப்ட் இல்லைத்தானே? நாளைக்கு விடியவோ. சரி.

வந்த விஷயத்தைச் சொல்லுறன். ஆனா நான் வேலை செய்யிற இடத்தைப் பற்றி முதல் கொஞ்சம் சொல்லோணும். இல்லாட்டி ஒரு போன் பண்ணாமல் ரெண்டு ரெயின் ஏறி ஏன் வந்தனான் எண்டு உங்களுக்கு விளங்காது.

ரைஸ்லிப் பக்கம் ஒரு சேர்ச் ஹோல், மண்டபம், இருக்கு. வியாழக்கிழமையில அமெரிக்கன் பழைய ஆமிக்காரர் அங்க கூடுறவை. ஓம், அமெரிக்கன்தான், இஞ்ச லண்டனில. எனக்கும் முதல் விளங்கேல்ல. முந்தி அந்தப் பக்கம் அவையின்ர நேவிக் கேம்ப் ஒண்டு இருந்தது. ரெண்டு மூண்டு வருசத்துக்கு முன்னம் பூட்டிட்டினம். கேம்ப் போயிட்டுது, ஆக்கள் நிண்டிட்டினம். இஞ்சத்தைப் பொம்பிளையளைக் கட்டி, பிள்ளை பிறந்து, பிறகு எங்க போறது? எங்களை மாதிரித்தான். ஒருத்தருக்கு கொரியா, மற்றவருக்கு வியட்நாம், கொஞ்சப் பேர் சண்டையே காணாமல் கணக்கெழுதின ஆக்கள். ஒரு நாப்பது பேர் வருவினம். ஆறு வருசமா நான்தான் சமைக்கிறன். எங்கட சமையல் இல்லை. உருளைக்கிழங்கு மசியல், கோழி, பீன்ஸ். உறைப்பு ஒண்டும் போடுறேல்ல.

சும்மா சாப்பிட்டுக் கதைச்சுப் போற சங்கம் எண்டு நினையாதேங்கோ. ஆஸ்பத்திரியில ஆரும் கிடந்தால் முறை வைச்சுப் போய்ப் பாப்பினம். புருஷன் செத்த கிழவியளுக்கு அமெரிக்காவில இருந்து வாற பேப்பரை வாசிச்சு, நிரப்பிக் குடுப்பினம். நடக்க ஏலாத ஆக்களைக் காரில ஏத்தி இறக்குவினம். ஆருமில்லாமல் செத்தால் எடுத்து அடக்கம் செய்வினம், பெட்டிக்கு மேல கொடி போட்டு. நத்தாருக்கு ஈராக்கில நிக்கிற பெடியளுக்குப் பெட்டி கட்டி அனுப்புவினம். சொக்ஸ், சவர்க்காரம், பற்பசை. நானும் கூட இருந்து கட்டினனான். ஆமிக்காரருக்கு நான் சொக்ஸ் மடிக்கிறன். எங்கட ஊரில ஆமி எண்டால் என்ன எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனா எனக்கு ஒண்டும் தோன்றேல்ல. இவை கிழவர். பல்லைக் கழட்டிப் பக்கத்தில வைச்சிட்டுச் சாப்பிடுற கிழவர்.

அதில ரஸல் எண்டு ஒருத்தர். கப்பலில குசினி வேலை செய்தவராம். ஆக்களோட இருந்து கதைக்கிற பழக்கம் இல்லை. வந்தவுடன கோட்டைக் கழட்டிப்போட்டு குசினிக்குள்ள வந்து உருளைக்கிழங்கு சீவுவார். ஒரே அளவாச் சீவுவார். ஆறு வருசத்தில நாங்கள் கதைச்சதை எல்லாம் சேர்த்தால் ஒரு மணித்தியாலம் வராது. ஒருநாள் நான் எனக்கெண்டு கொண்டு போன இடியப்பமும் சொதியும் குடுத்தனான். சாப்பிட்டார். நல்லா இருக்கு, இல்லை எண்டு ஒண்டும் சொல்லேல்ல. தட்டைக் கழுவித் துடைச்சுத் தந்திட்டு, அடுத்த கிழமை அந்தத் தட்டு எங்க எண்டு கேட்டவர்.

இந்த வருசம் மாசியில பெரிய ஸ்னோ கொட்டினதெல்லே, பஸ்ஸே ஓடாமல்? அந்தக் கிழமை ஹோல் பூட்டு. அடுத்த வியாழன் ரஸல் வரேல்ல. அதுக்கடுத்த வியாழனும் இல்லை. ஆரும் கவனிக்கேல்ல, அவர் இருந்தாலும் இல்லாத மாதிரித்தானே. உருளைக்கிழங்கு எல்லாம் நான் தனியச் சீவினபடியால் எனக்குத் தெரிஞ்சுது. ஹார்லனிட்டைச் சொன்னனான். ஹார்லன்தான் அங்க உதவி வேலையளைப் பாக்கிறவர். அறுபத்தி நாலு வயசு, நெட்டை மனுசன், வெயிலடிச்சாலும் கழுத்துப்பட்டி கட்டித்தான் வருவார். அண்டைக்கே காரை எடுத்துக்கொண்டு ஹேய்ஸுக்குப் போனவர். ரஸல் அங்க ஒரு அறைக் கவுன்சில் வீட்டில இருந்தவர். பொலிஸ் வந்து கதவை உடைச்சது. கட்டிலில செத்துக் கிடந்திருக்கிறார். செத்து ரெண்டு நாளாம், அதுக்கு முன்னமே சுகமில்லாமல் கிடந்திருக்கோணும்.

மேசை லாச்சிக்குள்ள ஒரு நத்தார் வாழ்த்து மட்டை, அதில மகளின்ர விலாசம். ஸ்லவ் எண்ட ஊரில. அவருக்கு மகள் ஒருத்தி இருக்கிறா எண்டதே எங்களில ஆருக்கும் தெரியாது. பொலிசே போய்ச் சொல்லலாம்தானே. ஹார்லன் விடேல்ல, நான் போறன் எண்டிட்டார். இப்பிடியான வேலைக்கு அவரின்ர மனுசிதான் கூடப் போறவ. அவவுக்கு இடுப்பு ஒப்பரேஷன் செய்து படுக்கை. அப்ப என்னைப் பாத்து, நீங்கள்தானே அவனோட கூட நிண்டது, நீங்கள் வாங்கோ எண்டார். சனிக்கிழமை காலமை போனம். வெறுங்கையோட செத்த வீட்டுக்குப் போறதோ எண்டு நான் ஒரு கேக்கும் சுத்தி எடுத்தனான்.

நான் நினைச்சது எப்பிடி எண்டால், போவம், இருப்பம், தண்ணி வென்னி குடிப்பம், அப்பா சுகமில்லாமல் இருந்தவர் எண்டு தொடங்குவம். எங்கட ஆக்கள் அப்பிடித்தானே? கடுமையாம், ஆஸ்பத்திரியிலயாம் எண்டு சொல்லிச் சொல்லி, ஊருக்குக் கொண்டு போய்ச் சேர்த்த பிறகுதான் மோசம் போட்டார் எண்டு சொல்லுறது. செத்தது எண்ட சொல்லை வாயில எடுக்க மாட்டம்.

கதவு திறந்துது. நாப்பது வயசு இருக்கும், தலையில துவாயோட ஒரு பொம்பிளை. ஹார்லன் தன்ர பேரைச் சொன்னார். நீங்கள் ரஸலின்ர மகள் ஜனிஸ்தானே எண்டு கேட்டார். ஓம் எண்டா. உங்கட அப்பா செத்துட்டார், செவ்வாய்க்கிழமை, ஹேய்ஸில தன்ர வீட்டில எண்டார். வாசலில வைச்சு. ஒரே மூச்சில. பிறகு கையை ரெண்டு பக்கமும் விட்டிட்டு நிண்டவர். நான் பக்கத்தில கேக்கோட நிக்கிறன்.

அவ எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. பிறகு சொன்னா, இருபது வருசமா நான் என்ர பிள்ளையளுக்கு அவர் செத்துப்போனார் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன், இப்ப நான் என்னத்தைச் சொல்லுறது எண்டு.

அழேல்ல. உள்ளுக்கு வாங்கோ எண்டா. போய் இருந்தம். உங்களிட்ட அவர் என்ன கதைக்கிறவர் எண்டு என்னைக் கேட்டா. எனக்கு என்ன சொல்லுறது? கிழங்கு ஒரே அளவாச் சீவுவார் எண்டு சொன்னனான். ஓம், அப்பிடித்தான் எண்டா. பிறகு அடக்கத்துக்கு வந்தவ, பிள்ளையள் ரெண்டையும் கூட்டிக்கொண்டு. அமெரிக்கன் கொடியை முக்கோணமா மடிச்சு ஹார்லன் அவவின்ர கையில குடுத்தவர். பெடியன் அம்மாவைப் பாத்த பார்வை ஒண்டு இருக்கு, அதை விடுவம்.

ஓ, சனிக்கிழமையைச் சொல்லிக்கொண்டு வந்தனான். திரும்பி வரேக்க நான் காருக்குள்ள ஹார்லனோட சண்டை. இருத்தி, ஒரு வாய் தண்ணி குடுத்துச் சொல்லியிருக்கலாம், இதென்ன கல்லெறியிற மாதிரி எண்டு. அவர் காரை ஓடிக்கொண்டே சொன்னார்.

வியட்நாம் சண்டைக்குப் போக முன்னம் அவரை அமெரிக்காவில ஒஹாயோ எண்ட இடத்தில விட்டவையாம், ஆமியில செத்த பெடியளின்ர வீட்டுக்குப் போய்ச் சொல்லுற வேலைக்கு. வயசு இருபத்திமூண்டு. முதல் வீடு ஒரு தோட்டக்கார மனுசி. யூனிபோர்மோட இவரைக் கண்டவுடன, மகனின்ர சிநேகிதன் லீவில வந்து பாத்திட்டுப் போக வந்திருக்கிறான் எண்டு மனுசி நினைச்சிட்டுது. கையைப் பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போட்டுதாம். இவருக்கு இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்ல. மனுசி அப்பிள் வைச்சுச் சுட்ட பணியாரம் ஒண்டை வெட்டிக் குடுத்துது. இவர் சாப்பிட்டார். மகன் சின்னனில செய்த குழப்படி எல்லாம் சொல்லிச் சிரிச்சுது. இவரும் சிரிச்சார். வெயிலைப் பற்றிக் கதைச்சார், மாட்டைப் பற்றிக் கதைச்சார். இருபது நிமிசம். பிறகுதான் சொன்னவர்.

மனுசி குழறி அழேல்லையாம். இவரின்ர முன்னால இருந்த தட்டைப் பாத்திட்டு, அதை முழுக்கச் சாப்பிட்டிட்டோ சொல்லுறாய் எண்டு கேட்டதாம்.

அதுக்குப் பிறகு நூற்றிப் பதினேழு வீடு ஏறினவர். ஒரு வீட்டிலயும் வாசலைத் தாண்டினது இல்லை, சொல்ல முன்னம்.

அது வெள்ளைக்காரருக்குச் சரி, எங்கட ஆக்களுக்குச் சரிவராது எண்டு மனசுக்குள்ள நினைச்சனான்.

பிறகு வைகாசி, வன்னியில சண்டை முடிஞ்ச மாசம். உங்களுக்குத் தெரியும்தானே. சண்டையை நிப்பாட்டச் சொல்லி நீங்களும் பார்லிமென்ட் வாசலில நிண்டிருப்பியள். ஓமோ, ஒவ்வொரு நாளுமோ. நான் வேலை முடிய வந்து நிண்டிட்டுக் கடைசி ரெயினில போறனான். அந்தக் கடைசிக் கிழமை முடிஞ்சு, வியாழக்கிழமை, ஹோலில மத்தியானச் சாப்பாடு போடுற நேரம், ரொறொன்ரோவில இருந்து மச்சாள் போன் பண்ணினவ. எங்கட பெரியண்ணை, அண்ணி, ரெண்டு பெட்டையள். நாலு பேரும். ஒரு கையில போன், ஒரு கையில மசியல் அகப்பை. சரி எண்டு சொல்லி வைச்சிட்டு நாப்பது தட்டும் போட்டு முடிச்சனான். ஆருக்கும் தெரியேல்ல. எல்லாரும் போன பிறகு கழுவின சட்டியையே திருப்பித் திருப்பிக் கழுவிக்கொண்டு நிண்டிருக்கிறன் போல. ஹார்லன் வந்து தண்ணிப் பைப்பைப் பூட்டினார். ஆர் எண்டு மட்டும் கேட்டார். சொன்னனான். பேரைச் சொல்லச் சொன்னார். நாலு பேரையும் சொன்னனான். துவாயை எடுத்துச் சட்டியளைத் துடைச்சு அடுக்கிவிட்டிட்டுப் போனவர். இண்டுவரைக்கும் நான் அழேல்லைத் தம்பி. கல்லாப் போனன் எண்டு சொல்லுவினமே, அப்பிடியும் இல்லை. சாப்பிடுறன், நித்திரை கொள்ளுறன், டிவி பாக்கிறன். ஒண்டும் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு ஆள் மிஞ்சினது. கடைசித் தம்பி, கமலநாதன். போன ஞாயிறு செட்டிகுளம் அகதி முகாமில இருந்து ஆரின்ரையோ போனில கதைச்சவன். நாலு நிமிசம். தான் இருக்கிறன் எண்டு சொல்ல ஒரு நிமிசம் போனது. மிச்சம் மூண்டு நிமிசமும் வேறொரு விஷயம் சொன்னவன். இஞ்ச செவன் கிங்ஸில ஒரு ஆளைத் தேடிப் பிடிச்சுச் சொல்லச் சொல்லி. இல்ஃபோர்ட்டில, இஞ்ச பக்கத்தில, நாலைஞ்சு கடையில கேட்டு, நேற்றுத்தான் உங்கட விலாசம் கிடைச்சுது. உங்கட போன் நம்பரும் தந்தவை. நான் போன் எடுக்கேல்ல.

ஹார்லனிட்டைக் கேட்டனான். தான் கூட வரட்டோ எண்டார். வேணாம் எண்டனான். கழுத்துப்பட்டி கட்டின வெள்ளைக்காரன் வாசலில நிண்டால் இமிக்ரேஷன் எண்டு நினைச்சு நீங்கள் கதவே திறந்திருக்க மாட்டியள். சொல்லேக்க என்ன சொல்லோணும் எண்டு ரெயினில வரேக்க சொல்லிப் பாத்துக்கொண்டு வந்தனான். நாலு வசனம்தான். பாடமாக்கி வைச்சிருந்தனான். நீங்கள் கதவைத் திறந்து, வாங்கோ அன்ரி எண்டு, ஆர் எண்டே தெரியாமல் சிரிச்சியள். கால் தன்ர பாட்டில உள்ளுக்கு வந்திட்டுது.

இல்லை, பிஸ்கட் எடுக்கப் போகாதேங்கோ. இருங்கோ தம்பி. கதிரையில இருங்கோ.

என்ர தம்பி கமலநாதன் முள்ளிவாய்க்காலில உங்களுக்குப் பேசி வைச்சிருந்த லோஜினியின்ர பங்கருக்கு அடுத்த பங்கரில இருந்தவன்.

லோஜினி செத்துப்போட்டா தம்பி. வைகாசி பதின்மூண்டு, காலமை. கஞ்சி வாங்க வரிசையில நிண்ட இடத்தில செல் விழுந்து வெடிச்சது.

இல்லை, வேற லோஜினி இல்லை. விஜயரத்தினத்தின்ர மகள், பளை. நானும் ரெண்டு தரம் கேட்டனான்.

ஓம் தம்பி. நிச்சயம். குழி வெட்டித் தாட்டது அவன்தான்.