குறைத்துச் சொன்ன விலை

"கடன் முடிஞ்சதுதாம்பா என்னைக் கெடுத்துச்சு."

தாம்பரத்தில் ரயில் கிளம்பியதும் எதிர் இருக்கைக்காரர் இப்படிச் சொல்ல, என் காது அங்கேயே ஒட்டிக்கொண்டது. காக்கிச் சட்டை, கையில் மாவுக்கட்டு. பக்கத்தில் இன்னொரு டாக்சிக்காரர்.

"இன்னாண்ணா உளர்றே? கடன் முடிஞ்சா நல்லதுதானே?"

"கடன் இருந்தவரைக்கும் பைனான்ஸ்காரன் வண்டிக்கு முழு வெலை போட்டு இன்சூரன்ஸ் எடுக்க வெச்சான். முடிஞ்சதும் நானேதான் ஏஜென்டாண்ட சொன்னேன், பழைய அம்பாசிடர்தானே, வெலையக் கொறைச்சு எழுது, கட்டுற காசு கொறையும்னு."

"சரி."

"இப்போ லாரி இடிச்சிடுச்சா, ரிப்பேர் செலவு அந்த வெலையத் தாண்டுதாம். நீ சொன்ன வெலைய வாங்கிகினு வண்டிய வுட்டுடுன்றாங்க. அந்தக் காசுல ஒரு கதவு வாங்கலாம், வண்டியா வாங்க முடியும்?"

"என்ஜின் நல்லாத்தானே கீது?"

"அத்தத்தான் நானும் சொன்னேன். வண்டியப் பாக்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் தலையக்கூட நிமிர்த்தல."

பல்லாவரம் வந்தது. நண்பர் எழுந்தார்.

"நாளைக்கு ஸ்டாண்டுக்கு வாண்ணா. சும்மா வந்து நில்லு. பசங்க கேட்டுகினே கீறானுங்க."

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"வண்டியில்லாம அங்க நின்னா, சவாரிக்கு வந்தவன்னு கதவத் தொறந்து வுடுவானுங்கடா."