ராமலிங்கத்தின் கியர்பாக்ஸ்

டீ நன்றாகத்தான் இருக்கிறது இன்ஸ்பெக்டர் சார், சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். கேளுங்கள், எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

எனக்கு மில்லில் ஸ்டோர் வேலை. சொந்தமாக ஒரு சைக்கிள்தான் உண்டு. ஆனாலும் நோணாங்குப்பத்தில் யார் கார் வாங்குவதாக இருந்தாலும் முதலில் இந்த முருகையனைத்தான் கேட்பார்கள். என் கட்சி அம்பாசடர். கல்லில் ஏறும், பள்ளத்தில் இறங்கும், வீட்டோடு ஏறி உட்கார்ந்தாலும் முனகாது. வேகத்தை வைத்து எஞ்சினைப் புகழ்கிறவன் கார் தெரியாதவன். வண்டியின் யோக்கியதை கியர்பாக்ஸில்தான் இருக்கிறது.

எதிர்வீட்டு ராமலிங்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, எண்பத்தொன்றில் பென்ஷனோடு ஊர் திரும்பினார். கூடவே கப்பலில் தயிர் நிறத்தில் ஒரு பிரெஞ்சுக் கார் வந்தது. டீக்கடையில் எல்லார் முன்னிலையிலும் என் கருத்தைச் சொன்னேன். “எஞ்சின் ஓடும்யா, நான் இல்லன்னு சொல்லல. கியர்பாக்ஸ் நம்ம ரோட்டுல ஒரு வருசம் தாங்காது.”

“மொனாமி, என் சிநேகிதா, மலைப் பாதையிலயே பறந்த வண்டி இது. நீ போயி உன் சைக்கிள் செயினப் பாரு” என்றார் ராமலிங்கம். கடையே சிரித்தது.

பொறுத்துக்கொண்டேன். ஒரு வருஷம்தானே. ஆனால் வருஷம் முடிந்த அன்று அந்த மனுஷன் காரைக் கடை வாசலில் நிறுத்தி, கியர்பாக்ஸுக்குப் பிறந்தநாள் என்று எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தார். மறுவருஷமும் கொண்டாடினார். என் பெண்டாட்டி தனக்கொடிகூட, “ஏங்க, உங்க கியர்பாக்ஸுக்கு ரெண்டு வயசாயிடுச்சாமே” என்று சோறு போட்டுக்கொண்டே சிரித்தாள். மில்லில் கார் வாங்கப்போகிறவர்கள் என்னைத் தாண்டி ராமலிங்கத்திடம் போக ஆரம்பித்தார்கள். நாற்பது வயதுக்கு மேல் ஒருவனுக்கு மரியாதை போனால் என்ன மிச்சம், சொல்லுங்கள். நான் தூங்கவே இல்லை.

ஆயுத பூஜைக்கு எங்கள் தெரு வண்டிகளையெல்லாம் கழுவி மாரியம்மன் கோயில் முன் வரிசையாக நிறுத்துவோம். அன்று முழுக்க யாரும் சாவியைத் தொடமாட்டார்கள். எல்லா வண்டிக்கும் சந்தனப் பொட்டு வைப்பது என் வேலை. ராமலிங்கத்தின் காருக்கு அடியிலும் பொட்டு வைக்கிறேன் என்று ஸ்பேனரோடு படுத்தேன். கியர்பாக்ஸ் எண்ணெய் முழுவதும் வாளியில் இறங்கியது. தரையில் சிந்திய இடத்தில்தான் குங்குமம் போட்ட பூசணிக்காயை உடைத்தேன். ராமலிங்கம் வெற்றிலை பாக்குக் கொடுத்து “மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

தெரு ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குப் போவதாக அவர் சவால் விட்டிருந்தார். வழியில் வண்டி நிற்கும், எல்லாரும் இறங்குவார்கள், நான் ஒன்றும் பேசாமல் நிற்பேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பூஜைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை மத்தியானம் தனக்கொடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் விழுந்தாள். நான் காரைக் கேட்கவில்லை சார். சத்தம் கேட்டு ராமலிங்கமே செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து, அவளைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தார். அவள் தலை என் மடியில் இருந்தது. “பயப்படாத தங்கச்சி, இதோ பெரியாஸ்பத்திரி” என்று வண்டியை எடுத்தார்.

அரியாங்குப்பத்தில் ஒரு டாக்சி சும்மாதான் நின்றது. பார்த்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். எப்படிச் சொல்வது? சொன்னால் எண்ணெய் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அப்புறம் அது கியர்பாக்ஸின் தப்பு என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

டாக்சியைத் தாண்டியதும் மூன்றாம் கியர் உறுமத் தொடங்கியது. மறைப்பானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தனக்கொடி கண்ணைத் திறந்து, “என்னங்க சத்தம்?” என்றாள்.

“கியர்பாக்ஸ். நான் அன்னிக்கே சொன்னேன்ல” என்றேன். அவளிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

பாலத்தின் மேல் வண்டி இறுகி நின்றுவிட்டது. ராமலிங்கம் நடுரோட்டில் கையை விரித்து ஒரு லாரியை மறித்துக் கூட்டிவருவதற்குள் என் மடியில் அவள் மூச்சு அடங்கிவிட்டது.

அவளைச் சுடுகாட்டுக்கு எடுக்கும்போது ராமலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு, “உன் பேச்சக் கேட்டிருக்கணும் முருகையா” என்று தெருவே கேட்க அழுதார். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அந்த வார்த்தை என் காதில் தெளிவாக விழுந்தது.

அப்புறம் மெக்கானிக் கொளஞ்சி கியர்பாக்ஸைப் பிரித்து, சொட்டு எண்ணெய் இல்லை, அடிமூடியில் புது ஸ்பேனர் தடம் இருக்கிறது என்று உங்களிடம் வந்து சொல்லிவிட்டான். கெட்டிக்காரன்.

ஆமாம் சார், வடித்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தனக்கொடியை நான் கொன்றதாக மட்டும் எழுதாதீர்கள். நல்ல கியர்பாக்ஸாக இருந்திருந்தால், எண்ணெய் இல்லாமலும் பெரியாஸ்பத்திரி வரை போயிருக்கும்.